கண்ணுக்குத் தெரிவது போட்டோவில் ஏன் வருவதில்லை? புதுச்சேரி தெருக்களில் இயல்பான ஹெச்டிஆர் படம் எடுப்பது எப்படி?

வார இறுதியில் புதுச்சேரி போய் வந்தவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். ஒரே தெரு, ஒரே மஞ்சள் சுவர், ஒரே காகிதப்பூ கொடி. ஆனால், ஒருவர் படத்தில் வானம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருக்கும். இன்னொருவர் படத்தில் வானம் ஊதா, சுவர் ஆரஞ்சு, தெருவில் நிழலே இல்லை. நேரில் போய் வந்தவருக்கு இரண்டைப் பார்த்தாலும் ‘நாம பார்த்த தெரு இது இல்லையே’ என்றுதான் தோன்றும்.

முதல் படம் ஹெச்டிஆர் இல்லாததால் கெட்டது. இரண்டாவது படம் ஹெச்டிஆர் அளவுக்கு மீறியதால் கெட்டது. இரண்டுக்கும் நடுவில்தான் இயல்பான படம் இருக்கிறது. அதை எடுக்க விலை உயர்ந்த கேமரா கட்டாயம் இல்லை. வெளிச்சத்தைப் பற்றிய கொஞ்சம் புரிதலும், ஸ்லைடரை எங்கே நிறுத்த வேண்டும் என்ற நிதானமும் போதும்.

பிரச்சினை எங்கே?

உச்சி வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். அதே நேரத்தில் ஒரு பழைய வீட்டின் உள்ளே, ஜன்னலில் இருந்து தள்ளி, 100 லக்ஸ் இருந்தாலே அதிகம். அதாவது வெளியே இருப்பது உள்ளே இருப்பதைவிட 1,000 மடங்கு. அத்துடன் வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். கருங்காலி நிற மரக்கதவு பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பல மடங்கு கூடும்.

போட்டோகிராபியில் இதை ‘ஸ்டாப்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 10 ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு. வெயில் தெருவையும் இருண்ட உள்ளறையையும் ஒரே பிரேமில் வைத்தால் சுலபமாக 14, 15 ஸ்டாப் வந்துவிடும். போன் கேமராவின் சின்ன சென்சார் ஒரே கிளிக்கில் சுமார் 10 ஸ்டாப் வரைதான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? மேலே இருப்பது வெள்ளையாக வெளுத்துவிடும், கீழே இருப்பது கறுப்பில் மூழ்கிவிடும்.

கண் மட்டும் எப்படிச் சமாளிக்கிறது? கண் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. வானத்தைப் பார்க்கும்போது வானத்துக்கும், வாசலைப் பார்க்கும்போது வாசலுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அவற்றை எல்லாம் சேர்த்து மூளை ஒரே காட்சியாகக் காட்டுகிறது. ஹெச்டிஆர் என்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்: வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த தகவல்களை ஒரே படமாகச் சேர்ப்பது.

புது டெக்னாலஜியா இது?

இல்லை. பிரச்சினை போட்டோகிராபி அளவுக்கே பழசு. 1850-களில் இருந்த நெகட்டிவ்கள் நீல நிறத்துக்கு அளவுக்கு மீறி உணர்வு காட்டின. கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் வெளுத்துப்போகும். பிரெஞ்சு போட்டோகிராபர் குஸ்தாவ் லெ கிரே ஒரு வழி கண்டார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ். இரண்டையும் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். ஒட்டு தெரியாத அந்தக் கடல் படங்கள் அன்றே பேசப்பட்டன.

டிஜிட்டலில் இந்த வேலைக்கு முக்கியமான அடித்தளம் 1997-ல் அமைந்தது. பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்த படங்களில் இருந்து காட்சியின் உண்மையான வெளிச்ச அளவுகளைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். 2010-ல் ஐபோனின் ஐஓஎஸ் 4.1 மென்பொருளில் ஹெச்டிஆர் பட்டன் வந்தது. அதற்குப் பிறகு இது சாதாரண ஆட்கள் கைக்கும் வந்துவிட்டது.

இன்றைய போன்கள் பலவற்றில் அந்தப் பட்டனே இல்லை. நீங்கள் ஒரு முறை அழுத்தினால் போன் கண் இமைக்கும் நேரத்தில் பல பிரேம்களை எடுத்து, வரிசைப்படுத்தி, சேர்த்துவிடுகிறது. கூகுள் தன் ‘ஹெச்டிஆர் பிளஸ்’ முறையில் எல்லா பிரேமையும் வேண்டுமென்றே கொஞ்சம் இருட்டாக எடுத்தது. அதனால் வானம் வெளுக்காது. இருட்டில் வரும் புள்ளிப் புள்ளியான நாய்ஸ்? 9 பிரேம்களைச் சேர்த்தால் அது சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அதன் பிறகு நிழலைப் பயமில்லாமல் தூக்கலாம்.

பிறகு ஏன் செயற்கையாகத் தெரிகிறது?

சேர்த்த தகவல் ஏராளம். திரை காட்டக்கூடியது குறைவு. எனவே அந்தப் பெரிய வெளிச்ச வித்தியாசத்தைத் திரைக்குள் அடங்கும்படி நெருக்க வேண்டும். இதற்குப் பெயர் ‘டோன் மேப்பிங்’. கோளாறு பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெளிச்சத்தின் வரிசை கலைவது: நிஜத்தில் வானம் சுவரைவிடப் பிரகாசம், வெயில் பட்ட சுவர் நிழல் பட்ட தரையைவிடப் பிரகாசம். நிழலை ரொம்பத் தூக்கினால் இந்த வரிசை தலைகீழாகும். ஜன்னலைவிட அறை பளிச்சென்று இருந்தால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் மனசு ஒத்துக்கொள்ளாது.

ஒளிவட்டம்: கூரை விளிம்பைச் சுற்றி வானத்தில் வெள்ளைக் கோடு போல ஒரு பட்டை. சாமி படத்துக்குப் பின்னால் இருந்தால் அழகு, கட்டிடத்துக்குப் பின்னால் இருந்தால் கோளாறு.

அழுக்கு மேகம்: ‘கிளாரிட்டி’ ஸ்லைடரை இழுக்க இழுக்க மேகம் புகைபோல் கறுக்கும், முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் கோடு போட்ட மாதிரி தெரியும்.

பேய் உருவம்: பிரேம்களுக்கு நடுவில் அலை நகர்ந்திருக்கும், சைக்கிள் போயிருக்கும், கொடி ஆடியிருக்கும். சேர்த்த படத்தில் அவை இரட்டையாக, அரைகுறையாகத் தெரியும்.

புதுச்சேரி ஏன் நல்ல பயிற்சிக்களம்?

பிரச்சினையின் எல்லா வடிவமும் இங்கே நடந்துபோகும் தூரத்திலேயே கிடைக்கும்.

முதலில் ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்கள். மஞ்சள் என்பது கேமராவுக்குச் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. வெயில் பட்ட சுவரில் சிவப்பு முதலில் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும், பச்சை தொடர்ந்து ஏறும். விளைவு, கடுகு மஞ்சள் சுவர் எலுமிச்சை மஞ்சளாகிவிடும். பூச்சின் சொரசொரப்பும் காணாமல் போகும். சாதாரண ஹிஸ்டோகிராமில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில்தான் குட்டு வெளிப்படும். சுவரைத் தொட்டு, எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் அளவுக்குக் குறைத்து எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. காகிதப்பூவின் அடர் நிறத்துக்கும் இதே வைத்தியம்.

அடுத்து, ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள திரு இருதய பசிலிக்கா. 1907-ல் அர்ச்சிக்கப்பட்ட கோதிக் பாணி ஆலயம். உள்ளே மங்கலான வெளிச்சம், சுவரில் வெயில் ஊடுருவும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். ஹெச்டிஆருக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை குறைவு. இங்கே கண்ணாடிக்குத்தான் முன்னுரிமை. அதன் நிறம் வெளுக்காதபடி எடுத்துவிட்டு, தூண்களையும் பெஞ்சுகளையும் லேசாக மட்டும் தூக்கவும். இருட்டு இருட்டாகவே இருந்தால்தான் கண்ணாடி ஒளிரும். திருப்பலி நேரத்தில் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவதே மரியாதை.

கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியில் வைசியாள் வீதி இருக்கிறது. இங்கே நடந்த மறுசீரமைப்புப் பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. தாழ்வாரமும் திண்ணையும் கொண்ட வீடுகளில் தெரு வெயில், தாழ்வார நிழல், உள்வாசல் இருட்டு என்று மூன்று அடுக்கு வெளிச்சம் ஒரே பிரேமில் வரும். முற்றம் உள்ள வீடு என்றால் நடுவில் வெயில், சுற்றி இருட்டு. மூன்று அடுக்கும் தனித்தனியாகத் தெரியவேண்டும். மூன்றையும் ஒரே வெளிச்சமாக்கினால் வீட்டின் ஆழமே போய்விடும்.

கடற்கரைச் சாலை கிழக்குப் பார்த்தது. காலையில் சூரியன் கடலில் இருந்து எழும். கடலைப் பார்த்து நின்று எடுத்தால் எல்லாமே எதிர்வெயில். அதே நேரம் திரும்பி நின்றால், தூமா வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் தூய தேவதைகளின் அன்னை ஆலயத்தின் முகப்பில் இளவெயில் நேராக விழும். ஹெச்டிஆர் தேவையே இல்லை. பிற்பகலில் அதே ஆலயம் எதிர்வெயிலாகிவிடும். சாப்ட்வேரில் ஒரு மணி நேரம் மெனக்கெடுவதைவிட, அலாரம் வைத்து ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திருப்பது சில சமயம் லாபம்.

எடுப்பது எப்படி?

போனில் எடுப்பவர்கள்:

1. காட்சியில் முக்கியமான பிரகாசப் பகுதியைத் தொட்டு, விரலை எடுக்காமல் பிடித்து எக்ஸ்போஷரை லாக் செய்யுங்கள். பிறகு கொஞ்சம் குறையுங்கள்.
2. போன் சில நொடிப்பொழுது பல பிரேம் எடுக்கும். அதுவரை கை அசையக்கூடாது. சுவரிலோ தூணிலோ சாய்ந்துகொள்ளுங்கள்.
3. ‘ரா’ முறை இருந்தால் அதில் எடுங்கள். ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அதை இழுத்தால் கிழியும். ரா ஃபைலில் பல மடங்கு இடம் உண்டு.

கேமராவில் எடுப்பவர்கள்:

1. ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/8. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். படத்துக்குப் படம் நிறம் மாறும்.
2. பிராக்கெட்டிங்கில் மைனஸ் 2, பூஜ்யம், பிளஸ் 2 என்று மூன்று படம். ஷட்டர் வேகம் மட்டும் மாறட்டும். அப்பர்ச்சர் மாறினால் ஃபோகஸ் ஆழமும் மாறி, படங்கள் பொருந்தாது.
3. மூன்றில் இருட்டான படத்தில் வானம் வெளுக்காமல் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிரயோஜனம் இல்லை.
4. சேர்க்கும்போது ‘டீகோஸ்ட்’ வசதியைப் பயன்படுத்துங்கள். அலை, மனிதர்கள் எல்லாம் ஒரே பிரேமில் இருந்து வரும்.

எடிட்டிங்கில் ஹைலைட்டை முதலில் குறைத்து, ஷேடோவைக் கொஞ்சம் கூட்டுங்கள். பிறகு ‘பிளாக்’ ஸ்லைடரைச் சற்றுக் கீழே இறக்குங்கள். படத்தில் எங்காவது ஒரு இடம் முழுக் கறுப்பாக இருந்தால்தான் படம் தரையில் நிற்கும். கிளாரிட்டி, சாச்சுரேஷன் இரண்டும் கடைசியில், உப்பு போடுகிற மாதிரி. போதும் என்று தோன்றிய இடத்தில் நிறுத்தி, மொத்த எடிட்டையும் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பல நேரம் அதுவே சரியான அளவு. கண் தன் முன்னால் இருக்கும் மிகைக்குச் சீக்கிரம் பழகிவிடும் என்பதால், மறுநாள் காலையில் ஒரு முறை பார்த்துவிட்டுப் போஸ்ட் செய்வது நல்லது.

அழகு மட்டும்தானா விஷயம்?

இல்லை. புதுச்சேரி போன்ற ஊரில் போட்டோ ஒரு ஆவணமும்கூட. கடற்கரைச் சாலையில் இருந்த 19-ஆம் நூற்றாண்டு மேரி கட்டிடம் 2014 நவம்பரில் மழைக்காலத்தில் இடிந்து விழுந்தது. பிறகு அதே இடத்தில் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டது. ஒரு கட்டிடம் போன பிறகு அதன் நிறம் என்ன, பூச்சு எப்படி இருந்தது, ஜன்னல் சட்டம் எந்த அளவு என்று கேட்டால் பதில் சொல்வது பழைய வரைபடங்களும் போட்டோக்களும்தான். இதே ஊரில் 1955-ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களின் ஒரு லட்சத்துக்கும் அதிகமான படங்களைச் சேர்த்து வைத்திருப்பது இந்தக் காரணத்துக்காகத்தான்.

மிகையான ஹெச்டிஆர் இங்கே இரண்டு விதமாகப் பொய் சொல்லும். கிளாரிட்டியை ஏற்றினால் மயிரிழை விரிசல் பெரிய வெடிப்பாகத் தெரியும், நல்ல சுவர் பாழடைந்ததாகத் தோன்றும். நிறத்தை ஏற்றினால் மங்கிய சுவர் புதிதாக அடித்ததுபோல் இருக்கும். வாடகைக்கு விடும் அறையை இப்படிப் பளபளப்பாக்கி ஆன்லைனில் போட்டால், வந்து இறங்குபவர் முகம் சுருங்குவதும் அதனால்தான். எனவே பழைய கட்டிடங்களைப் படம் எடுப்பவர்கள் ஒரிஜினல் ஃபைலை அழிக்காமல், தேதியுடன் வைத்திருப்பது நல்ல பழக்கம். இருபது வருடம் கழித்து லைக் எண்ணிக்கையை யாரும் கேட்க மாட்டார்கள், அந்த ஒரிஜினலைக் கேட்கலாம்.

போன் திரையில் ‘பளிச்’ என்று ஒளிர்கிறதே, அதுவும் ஹெச்டிஆரா?

பெயர் ஒன்று, விஷயம் வேறு. அது திரை ஹெச்டிஆர். 2023-ல் ஆண்ட்ராய்டு 14 உடன் வந்த ‘அல்ட்ரா ஹெச்டிஆர்’ ஃபைலில் ஒரு சாதாரணப் படமும், எந்தப் புள்ளியை எவ்வளவு கூடுதலாக ஒளிரவைக்க வேண்டும் என்ற வரைபடமும் சேர்ந்து இருக்கும். வசதி உள்ள திரையில் சூரியன் நிஜமாகவே கண்ணைக் கூசும். பழைய திரையில் சாதாரணப் படம் தெரியும். வெளிச்சத்தை நெருக்கவேண்டிய கட்டாயம் குறைவதால் படம் இயல்பாக இருக்கும் வாய்ப்பும் அதிகம். ஆனால், சில செயலிகள் வழியாக அனுப்பும்போது அந்த வரைபடம் கழன்றுவிடும். உங்கள் போனில் மின்னிய படம் நண்பர் போனில் மந்தமாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எப்போது ஹெச்டிஆரே வேண்டாம்?

சூரியோதயத்தில் காந்தி சிலையைக் கடல் பின்னணியில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே சிலை கறுப்பு உருவமாகத்தான் தெரிகிறது. அதன் முகத்தில் வெளிச்சம் கொண்டுவர ஸ்லைடரை இழுத்தால் கிடைப்பது விடியற்காலை இல்லை, ஒரு மேகமூட்டமான மத்தியானம். பனிமூட்டம், மழை நாள், நிழலான சந்து ஆகியவற்றுக்கும் ஒரே கிளிக் தாராளம். அங்கே வெளிச்ச வித்தியாசமே குறைவு. பட்டனை அழுத்தும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இந்த இருட்டுக்குள் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் தூக்குங்கள். இல்லையென்றால் இருட்டை இருட்டாகவே விட்டுவிடுங்கள்.