தெரியுமா? உலகை ஆட்டிவைக்கும் கேம்கள் ரசிகர்கள் சும்மா போட்ட மேப்களில் பிறந்தவை!

2021 அக்டோபர். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரம். 'டோட்டா 2' விளையாட்டின் உலகப் போட்டியான 'தி இன்டர்நேஷனல்' நடக்கிறது. மொத்தப் பரிசுத்தொகை 4 கோடி டாலர்! அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 300 கோடி ரூபாய். இவ்வளவு பணம் புரளும் இந்த விளையாட்டை முதன்முதலில் உருவாக்கிய கம்பெனி எது தெரியுமா? எந்தக் கம்பெனியும் இல்லை! வேறொரு கேமை வாங்கி விளையாடிக்கொண்டிருந்த ஒரு ரசிகர், பத்துப் பைசா வாங்காமல் போட்டுக்கொடுத்த மேப்தான் அதற்கு மூலம்!

ஸ்ட்ராட்டஜி கேம் என்றால் தங்கம் வெட்டி, பாசறை கட்டி, படை திரட்டி எதிரியை வீழ்த்த வேண்டும். அந்தப் போர் நடக்கும் நிலம்தான் மேப். 1998-ல் ப்ளிஸார்ட் நிறுவனம் 'ஸ்டார்கிராஃப்ட்' கேமை வெளியிட்டபோது, மேப் போடும் எடிட்டரையும் கூடவே கொடுத்துவிட்டது. மேட்டைப் பள்ளமாக்கலாம், பள்ளத்தில் தண்ணீர் விடலாம். அதுகூடப் பெரிய விஷயமில்லை. ஆட்டத்தின் விதிகளையே மாற்றலாம்! 'இந்தக் கட்டத்துக்குள் ஒரு வீரன் கால் வைத்தால் வடக்கிலிருந்து பத்து எதிரிகள் வரட்டும்' என்று கட்டளை எழுதி வைக்கலாம். இதற்கு ட்ரிகர் என்று பெயர். நிபந்தனை ஒன்று, விளைவு ஒன்று. அவ்வளவுதான். அந்த இரண்டை வைத்துக்கொண்டு ரசிகர்கள் செய்ததுதான் அதிசயம்.

'ஏயான்64' என்ற புனைபெயர்க்காரர் ஸ்டார்கிராஃப்டில் 'ஏயான் ஆஃப் ஸ்ட்ரைஃப்' என்று ஒரு மேப் போட்டார். அதில் படை திரட்டும் வேலையே கிடையாது. ஆளுக்கு ஒரே ஒரு நாயகன். பாதைகளில் சிப்பாய்கள் தாமாகவே நடந்துபோய் மோதுவார்கள், நடுவில் புகுந்து சண்டையைத் திருப்புவது உங்கள் வேலை. 2002-ல் அதே ப்ளிஸார்டின் 'வார்கிராஃப்ட் 3' இன்னும் சக்தி வாய்ந்த எடிட்டரோடு வந்தது. மறு வருடமே 'யூல்' என்ற ரசிகர் அந்த யோசனையை அதற்குள் கொண்டுபோய் 'டிஃபென்ஸ் ஆஃப் தி ஏன்ஷியன்ட்ஸ்' என்ற மேப்பாக்கினார். அதன் சுருக்கம்தான் டோட்டா! யூல் ஒதுங்கியதும் ஆளாளுக்கு ஒரு வடிவம் போட்டார்கள். அவற்றில் நிலைத்தது 'குவின்சூ' என்ற ஸ்டீவ் ஃபீக் வளர்த்த 'டோட்டா ஆல்ஸ்டார்ஸ்'. அந்த மேப்பில் குகைக்குள் உட்கார்ந்திருக்கும் பெரிய ராட்சசன் ரோஷன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஃபீக் தன் பௌலிங் பந்துக்கு வைத்திருந்த பெயர்! பின்னர் மேப் 'ஐஸ்ஃப்ராக்' என்ற புனைபெயர்க்காரர் கைக்கு வந்தது. அவரை வால்வ் நிறுவனம் வேலைக்கு எடுத்து, 2013-ல் டோட்டா 2-வை முழு கேமாக வெளியிட்டது. ஃபீக் சேர்ந்த ரயட் கேம்ஸ் 2009-லேயே 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' வெளியிட்டிருந்தது.

இனி வருவதைக் கவனியுங்கள். இன்று செல்போனில் இந்த வகை கேம் ஆடும் பிள்ளைகள்கூட, தங்கள் நாயகனுக்கு நாலு வித்தைகள்தான், அதில் பெரிய வித்தை கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைக்கும் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏன் நாலு? வார்கிராஃப்ட் 3 நாயகர்களுக்கு மூன்று சாதாரண வித்தைகள், ஒரு பெருவித்தை. அந்தப் பெருவித்தை திறப்பது 6-வது லெவலில். பொருள் வைக்க 6 இடம். மேப் போட்டவர்களுக்குக் கிடைத்தது இந்தச் சட்டகம்தான், அதற்குள்ளேயே கட்டினார்கள். பிறகு கோடிக்கணக்கில் செலவழித்துத் தனி கேம் செய்தவர்களும் அதைத் தொடவில்லை. டோட்டா 2-விலும் லீக் ஆஃப் லெஜண்ட்ஸிலும் பெருவித்தை 6-வது லெவலில்தான் திறக்கிறது!

இன்னொன்றும் உண்டு. வார்கிராஃப்டில் சொந்தச் சிப்பாயையே அடிக்க முடியும். சாகப்போகிற நம் ஆளை நாமே முடித்துவிட்டால், எதிரிக்கு அதில் கிடைக்க வேண்டிய லாபம் கிடைக்காது. எஞ்சினில் தற்செயலாக இருந்த இந்த வசதிதான் இன்று 'டினை' என்ற பெயரில் டோட்டா 2 வீரர்கள் நாள்கணக்கில் பயிற்சி எடுக்கும் கலை. டோட்டா 2 பதக்க மேடையும் ஏறியது. 2022-ல் பர்மிங்காமில் நடந்த முதல் காமன்வெல்த் இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில் இந்திய அணி டோட்டா 2-ல் வெண்கலம் வென்றது. அடுத்த வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே கேமுக்குத் தங்கப்பதக்கமே கொடுத்தார்கள். ஒரு ரசிகரின் மேப் ஆசிய விளையாட்டுவரை போயிருக்கிறது!

இதோடு முடிந்ததா? கோபுரங்களை வரிசையாகக் கட்டி, அலை அலையாக வரும் எதிரிகளைத் தடுக்கும் 'டவர் டிஃபென்ஸ்' வகை தெரியுமல்லவா? அது கொழித்து வளர்ந்ததும் இந்த மேப்களில்தான். 2009-ல் வீடுவீடாக ஆடிய 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ்' கேமை உருவாக்கிய ஜார்ஜ் ஃபேனுக்கு வார்கிராஃப்ட் 3-ன் டவர் டிஃபென்ஸ் மேப்கள் ஒரு தூண்டுதல்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. 2019 ஜனவரியில் சீனாவின் ட்ரோடோ என்ற சின்னக் குழு, டோட்டா 2-க்குள் 'ஆட்டோ செஸ்' என்று ஒரு கஸ்டம் கேம் போட்டது. காய்களை வாங்கிக் கட்டத்தில் நிறுத்திவிட்டால் அவையே சண்டை போட்டுக்கொள்ளும். சில மாதங்களில் லட்சக்கணக்கானோர் அதற்குள் கிடந்தார்கள். அதே வருடம் ஜூன் மாதத்திலேயே ரயட் 'டீம்ஃபைட் டாக்டிக்ஸ்' கொண்டுவந்தது, வால்வ் 'அண்டர்லார்ட்ஸ்' கொண்டுவந்தது. மேப்பிலிருந்து ஒரு கேம், அந்தக் கேமுக்குள் ஒரு மேப், அந்த மேப்பிலிருந்து மறுபடி கேம்கள்!

எனக்கு இவை எல்லாவற்றையும்விட வியப்பானது ஸ்டார்கிராஃப்டின் ஈயூடி மேப்கள்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பலன் உண்டு. எந்த ஆட்டக்காரரின் எந்த வகை வீரர் எத்தனை பேர் செத்தார்கள் என்று அந்தக் கேம் ஓர் அட்டவணையில் எண்ணிக்கொண்டே இருக்கும். 12 ஆட்டக்காரர் இடங்கள், 228 வகை யூனிட்கள். 'இந்த ஆட்டக்காரரின் இந்த யூனிட் சாவு எண்ணிக்கையை இவ்வளவாக வை' என்று ட்ரிகர் எழுதலாம். யூனிட் எண் 228-க்கு உள்ளேதான் இருக்கிறதா என்று கேம் சரிபார்க்கவே இல்லை! 5,000-வது யூனிட் என்று எழுதினால், அட்டவணையைத் தாண்டி கணினி நினைவகத்தில் வேறெங்கோ இருக்கும் இடத்தில் அந்த எண் போய் உட்கார்ந்துவிடும். மேப் போடுகிறவர்கள் விடுவார்களா? எந்த எண் எங்கே போய் விழுகிறது என்று ஒவ்வொன்றாகத் துழாவினார்கள். ஆயுதங்களின் வலிமை, யூனிட்டின் நிறம், திரையில் வரும் எழுத்து என எல்லாவற்றையும் சாவுக் கணக்கு வழியாகவே மாற்றினார்கள்! ப்ளிஸார்ட் அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் கொரிய ரசிகர்கள் இந்த மேப்களை விடவே இல்லை. 2017-ல் ஸ்டார்கிராஃப்டைப் புதுப்பித்தபோது நினைவக அமைப்பே மாறியதால், அந்த மேப்கள் இனி ஓடவே முடியாத நிலை. ப்ளிஸார்ட் என்ன செய்தது தெரியுமா? மேப் எழுத நினைக்கும் பழைய முகவரியைப் பிடித்து, புதிய கேமில் அதற்குச் சமமான இடத்துக்குத் திருப்பிவிடும் எமுலேட்டர் ஒன்றை எழுதிச் சேர்த்தது. தான் அடைத்த ஓட்டையைத் தானே பாதுகாப்பாகத் திறந்துவிட்டது! ரசிகர்களின் உழைப்புக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்த கேம் நிறுவனமும் செய்து நான் அறியவில்லை.

வார்கிராஃப்ட் 3-ல் மட்டும் என்னென்ன மேப்கள்! 'ஷீப் டேக்'கில் சிலர் ஆடு, சிலர் மேய்ப்பர். ஆடுகள் தங்களைச் சுற்றிக் குடில் கட்டி ஒளிய வேண்டும். 'ஐலண்ட் ட்ரோல் ட்ரைப்ஸ்'ஸில் குளிரில் உடம்பு விறைக்கும், தீ மூட்ட வேண்டும், இறைச்சி சுட வேண்டும், கிடைத்ததை வைத்துக் கருவி செய்ய வேண்டும். 'ஃபுட்மென் ஃப்ரென்சி'யில் தங்கம் வெட்டும் வேலையே இல்லை, சிப்பாய்கள் தாமாக வந்துகொண்டே இருப்பார்கள்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ரசிகர்கள் வேறு வழி போனார்கள். அவர்கள் மேப்பை வரைவதோடு நிற்கவில்லை. மேப்புக்கான சமையல் குறிப்பையும் எழுதினார்கள்! 'ஒவ்வொருவர் ஊருக்குப் பக்கத்திலும் இத்தனை ஆடு, இத்தனை தங்கப் பாறை, நடுவில் அடர்ந்த காடு' என்று எழுதிவிட்டால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கணினி புதுநிலம் சமைத்துத் தரும். இந்த ரசிகர் கூட்டத்திலிருந்து வந்த 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்ற குழுவின் கூடுதல் தொகுப்பு 2013-ல் அதிகாரபூர்வமான விரிவாக்கமாகவே வெளிவந்தது. 2022 ஏப்ரலில் வந்த இந்திய அரச வம்சங்கள் தொகுப்பில் திராவிடர் என்ற நாகரிகம் சேர்ந்தது. ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதைத்தொடரே உண்டு! அந்தப் படைகள் எடிட்டரிலும் இருக்கின்றன. சோழர் கடற்படையை வைத்து ஒரு மேப் போட யார் தடுக்கிறார்கள்?

இந்த மேப்கள் யாருக்குச் சொந்தம்? டோட்டா என்ற பெயருக்காகவே ப்ளிஸார்டும் வால்வும் மோதி, 2012-ல் சமாதானம் ஆனார்கள். பெயர் வால்வுக்குப் போனது. 2020-ல் 'வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு' வந்தபோது, அதில் போடும் மேப் எல்லாம் தனக்கே சொந்தம் என்று ப்ளிஸார்ட் விதி எழுதிவிட்டது. அது நியாயமில்லை. உழைத்தவருக்கு உரிமையில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

சரி, இவற்றை எங்கே தேடுவது, எப்படி விளையாடுவது? பைசா செலவில்லாமல் தொடங்கலாம் தெரியுமா? ஸ்டார்கிராஃப்ட், ஸ்டார்கிராஃப்ட் 2 இரண்டையும் 2017 முதல் இலவசமாகவே விளையாடலாம். டோட்டா 2 எப்போதுமே இலவசம். ஸ்டார்கிராஃப்ட் 2-விலும் டோட்டா 2-விலும் 'ஆர்கேட்' என்ற பகுதிக்குள் போங்கள். மேப்கள் வரிசையாக நிற்கும். தேர்ந்தெடுத்தால் தானாக டவுன்லோடு ஆகும். பழைய வார்கிராஃப்டில் ஆட்டத்தைத் தொடங்குகிற 'ஹோஸ்ட்'டின் கணினியிலிருந்தே மேப் இறங்கும். ஆட்டம் தொடங்கும்வரை எல்லாரும் காத்திருக்கும் லாபியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சதவீதம் மெல்ல ஏறும், நெட் மெதுவாக இருந்தால் பொறுமையிழந்த ஹோஸ்ட் தூக்கி வெளியே போட்டுவிடுவார். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ன் புதிய பதிப்பில் கேமுக்குள்ளேயே மோட்ஸ் பகுதி இருக்கிறது.

புதியவர்களுக்குச் சில குறிப்புகள். பட்டியலில் மேலே இருக்கும் பிரபல மேப்போடு நின்றுவிடாதீர்கள், ஆள் காத்திருக்கும் லாபிகளைப் பாருங்கள். நல்ல மேப் பல கீழேதான் கிடக்கும். ஒரே பெயரில் பல பதிப்புகள் இருக்கும், பெயரின் கடைசியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். வார்கிராஃப்டில் எஃப் 9 விசையை அழுத்தினால், விளையாடும் முறையை மேப் போட்டவர் அங்கே எழுதி வைத்திருப்பார். பாதிப் பேர் அதைத் திறப்பதே இல்லை. வெளியிலிருந்து எடுப்பதானால் மேப் கோப்பை மட்டும் எடுங்கள், மேப் என்று சொல்லி இன்ஸ்டால் செய்யச் சொல்லும் புரோகிராமைத் தொடாதீர்கள். லாபியில் 'நான் புதுசு' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கற்றுக்கொடுக்க யாராவது ஒருவர் வருவார். ஆட்டத்தின் நடுவில் மட்டும் எழுந்து போகாதீர்கள். எட்டுப் பேர் ஆட வேண்டிய மேப்பில் ஒருவர் போனால் மற்ற ஏழு பேருக்கும் ஆட்டம் கெடும்.

பிடித்த மேப் கிடைத்தால் அதைப் போட்டவருக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதைத் தவிர வேறு சம்பளம் கிடையாது. அவர் பெயர் பெரும்பாலும் லோடிங் திரையிலேயே இருக்கும்.