மணக்குடி முதல் குளச்சல் வரை

கன்னியாகுமரிக்கு வரும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் பகவதியம்மனைத் தரிசித்து, சூரியோதயம் பார்த்து, விவேகானந்தர் பாறைக்கும் போய்வந்து அன்றைக்கே ரயிலேறிவிடுகிறார்கள். முனைக்கு மேற்கே குளச்சல் வரை நீளும் கரையோர ஊர்களைக் காணாதவர்கள் நாஞ்சில் நாட்டின் பாதியைக் காணாதவர்களே என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் நிதானித்து நிற்க வேண்டிய இடம் மணக்குடி. மலையில் பிறந்து, நெல்வயல்களுக்குப் பாய்ந்து, சுசீந்திரத்தைக் கடந்து வரும் பழையாறு இங்கேதான் சமுத்திரத்தோடு சங்கமிக்கிறது. கிழக்கே கீழமணக்குடி, மேற்கே மேலமணக்குடி. இவ்விரண்டையும் இணைத்த கான்கிரீட் பாலத்தை 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பெயர்த்துக்கொண்டு போயிற்று. அன்று இழந்த உயிர்களின் துக்கம் இவ்வூர்களில் இன்னும் ஆறவில்லை.

இக்கரையில் கரமடி என்னும் கரைவலை இழுப்பதை அவசியம் பார்க்க வேண்டும். வள்ளத்தில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்துப் போட்ட வலையின் இரு வடங்களையும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்று, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடந்தே இழுக்கிறார்கள். மடி கரையேறியதும் நெத்திலியும் சாளையும் வெள்ளிபோல் துள்ள, அவற்றைக் கடவம் என்னும் ஓலைப்பெட்டியில் வாரிக்கொண்டு பெண்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்படுகிறார்கள். ஆனால் ஆனி, ஆடி மாதங்களின் சீற்றத்தில் கரை அரிக்கப்படுவதைத் தடுக்கப் பாறாங்கற்களைக் குவித்துவிட்ட துறைகளில் இந்தத் தொழிலுக்கு இடமேயில்லை. வீடுகளைக் காக்கும் கல்லே மணலையும் மறைத்துவிடுவது எனக்குப் பெரும் வேதனை.

முட்டத்தின் செம்மண் மேடுகளையும் பாறைகளையும் சினிமா பிரசித்தமாக்கிவிட்டதால் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்துள்ள மணவாளக்குறிச்சியின் கருமணலோ உலகப் பிரசித்தம்: ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் கண்டறிந்தார், தோரியம் அடங்கிய அத்தாது அந்நாளில் காஸ் விளக்குகளின் வலைத்திரிக்கு இன்றியமையாததாயிருந்தது.

குளச்சலில் 1741இல் டச்சுப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா வென்றதற்குச் சாட்சியாக வெற்றித்தூண் நிற்கிறது. அப்போது சிறைப்பட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பின்னர் அதே மன்னரின் சேனாதிபதியாகி, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்து, கடைசியில் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார்.

வர விரும்புவோர் மாசியில் வருவது உத்தமம். இதே கரையில், புற்றே அம்மனாக விளங்கும் மண்டைக்காட்டில் கொடைவிழா நடப்பது அப்போதுதான். கடலும் அடங்கியிருக்கும், மணலும் அகன்று கிடக்கும்.