நடராசர் வாசற் கோலம்



மார்கழித் திங்களில் வைகறைக்கு மட்டும் இத்துணைச் சிறப்பு எதனால் வந்தது என்று பலர் வினவுவது உண்டு. மக்களுக்கு ஓராண்டு, தேவர்களுக்கு ஒரு நாள் என்பது நம் முன்னோர் வகுத்த கணக்கு. தை முதல் ஆனி முடிய ஆறு திங்கள் அவர்களுக்குப் பகல். ஆடி முதல் மார்கழி முடிய ஆறு திங்கள் இரவு. அவ்விரவின் கடைப்பகுதியாகிய மார்கழி, தேவர்களின் வைகறைப் பொழுது. தில்லைக் கூத்தப்பெருமானுக்கு ஆண்டில் ஆறு நாள்களில் திருமுழுக்கு நிகழ்கின்றது. அவை ஆறும் தேவர்களின் ஒரு நாளைக்குரிய ஆறு காலப் பூசை. அவற்றுள் வைகறைப் பூசைக்கு உரியது மார்கழித் திருவாதிரை. மணிவாசகப் பெருமான் திருவண்ணாமலையில் அருளிய திருவெம்பாவைப் பாடல்கள் 20, திருப்பெருந்துறையில் அருளிய திருப்பள்ளியெழுச்சிப் பாடல்கள் 10 ஆகியவற்றை இந்நாள்களில் நாம் ஓதுவதும் இந்த வைகறையை முன்னிட்டே.

சரி, வைகறையில் எழுந்தோம். எழுந்தபின் செய்ய வேண்டுவது யாது? பாடத் தெரிந்தவர் பாடலாம். பாடத் தெரியாதவர் என் செய்வார்? இவ்வினாவுக்கு விடையை நான் இளமையில் நூலிலே படித்தேன். முதுமையில் தெருவிலே கண்டேன். கண்டதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் திருவாதிரைப் பெருவிழாவுக்காகத் தில்லை சென்றிருந்தேன். அன்று ஒன்பதாம் நாள். மூலவராகிய நடராசப்பெருமானே சிவகாமியம்மையோடு எழுந்தருளி வந்து தேரேறும் நாள். ஐந்து தேர்கள் நான்கு வீதியும் வலம் வரும். பொழுது புலர நெடுநேரம் இருக்கையில் நீராடி, திருநீறு பூசி, தெற்கு வீதி வழியே கோயிலை நோக்கி நடந்தேன். பனி மூடியிருந்தது. அன்று மாலை ஆற்ற வேண்டிய சொற்பொழிவையே மனத்துள் உருப்போட்டுக்கொண்டு சென்றமையால், காலடியை நான் நோக்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் ஓரமாக வாருங்கள். தேருக்குப் போட்டிருக்கிறேன்" என்று ஒரு குரல் கேட்டது.

திடுக்கிட்டு நின்றேன். என் காலுக்கு ஒரு சாண் முன்னால் வெண்புள்ளிகள். விளக்குக் கம்பத்தின் கீழே, சாணம் தெளித்து மெழுகிய தரையில், முதிய அம்மையார் ஒருவர் குனிந்து நின்றார். இடக்கையில் அரிசிமாவுக் கிண்ணம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மாவு இழையாய் இறங்கிற்று. நடுவரிசையில் 15 புள்ளி. அதற்கு மேலும் கீழும் ஊடுபுள்ளியாய் ஒவ்வொன்றாகக் குறைந்து, எட்டில் வந்து நின்றது. ஆக, 169 புள்ளிகள். அளவுகோல் இல்லை, கயிறு இல்லை. ஒரு புள்ளியும் வரிசை பிறழவில்லை. பிறகு அப்புள்ளிகளைத் தொடாமல் சூழ்ந்து வளைந்து ஓடிற்று கோடு. எத்தனை வளைந்தாலும் தொடங்கிய இடத்திற்கே திரும்பி வந்து சேர்ந்தது.

நான் கேட்டேன்: "அம்மா, இன்னும் சில நாழிகையில் தேர் வந்துவிடும். சக்கரம் உருண்டால் இவ்வளவும் அழிந்து போகுமே?"

"அழியட்டும் ஐயா. மாவு சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு சுவாமியோடு கொஞ்ச தூரம் போகும் அல்லவா?"

"உங்கள் வீடு இதுதானோ?"

"இல்லை. பக்கத்துத் தெரு. அங்கே மருமகள் போடுகிறாள். அவர் போனபிறகு நான் வாசலில் போடக்கூடாது என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். இது நடராசர் வாசல். இங்கே என்னை யார் வேண்டாம் என்பது?" இவ்வாறு கூறிவிட்டு அவர் மீண்டும் குனிந்துகொண்டார்.

அன்பர்களே, அக்கணத்தில் என் நெஞ்சில் இரண்டு பெண்மணிகள் தோன்றினர். ஒருவர் திலகவதியார், மற்றொருவர் என் தமக்கையார்.

திலகவதியார் வரலாறு நீங்கள் அறிந்ததே. திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாய்ப் பிறந்தவர். அவரைக் கலிப்பகையாருக்கு மணம் பேசி முடித்திருந்தனர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் துறந்தார். தந்தையும் தாயும் மறைந்துவிட்ட நிலையில், தாமும் உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பி மருணீக்கியாருக்காக உயிர் தாங்கினார். மங்கல நாண் அணியாமலே தவம் பூண்டார். பின்னர்க் கெடிலக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, நாள்தோறும் வைகறையில் அலகிட்டு, சாணத்தால் மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்தி வந்தார்.

சமண் சமயம் புகுந்திருந்த தம்பியார் சூலை நோயால் துடித்து ஓரிரவில் தமக்கையாரை நாடி வந்தார். அம்மையார் ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். திருப்பள்ளியெழுச்சிக் காலத்தில், திருவலகும் திருமெழுக்குக்கு உரியனவும் ஏந்தித் தாம் செல்லும் வழக்கமான பணிக்குச் சென்றபோது, தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். அந்த இருள் நீங்காத வைகறையில்தான் நமக்குத் திருநாவுக்கரசர் கிடைத்தார். வேள்விச் சாலையில் அன்று. அலகும் சாணமும் பிடித்த ஒரு பெண்ணின் பின்னே நடந்து அவர் சிவனிடம் வந்தார். அவர் பின்னாளில் உழவாரம் ஏந்தியதற்கும், திருவாரூரில் தம் நெஞ்சை நோக்கி, புலர்வதற்கு முன் கோயில் புகுந்து அலகிட்டு மெழுக்கிடுக என்று அறிவுறுத்தியதற்கும், தமக்கையார் காட்டிய வழியே முதல்.

மங்கல நாண் அணியாத அக்கையை அமங்கலம் என்று வீரட்டானத்து இறைவன் விலக்கவில்லை. சேக்கிழார் பெருமான் விலக்கவில்லை. அவர் இவ்வரலாற்றைப் பாடியது தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் என்பது மரபு. தேரிலிருந்து இறங்கிக் கூத்தப்பெருமான் எழுந்தருள்வதும், திருவாதிரைத் திருமுழுக்குக் கொள்வதும் அதே மண்டபத்தில்தான்.

இனி, என் தமக்கையார். அவர் கோலமிட்டால் தெருவே நின்று பார்க்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கணவரை இழந்து தாய்வீடு வந்தார். அடுத்து வந்த மார்கழியில், பழக்கத்தால் மாவுக் கிண்ணத்தோடு வாசலுக்குப் போனார். எங்கள் தாயார் ஒன்றும் பேசாமல் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். தமக்கையார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்நாளிலேயே மேடைதோறும் திலகவதியார் பெருமையை விரித்துரைத்தவன் நான். ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பின்னர் அவர் தம் வாழ்நாளில் கோலப்பொடியைத் தொடவே இல்லை. இன்று அவரும் இல்லை.

சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்வகை நெறிகளைக் கூறுகின்றது. முதலாவதாகிய சரியைக்கு இலக்கணம் கூறும் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில், சிவன் கோயிலை அலகிடுதலையும் மெழுகுதலையும் தலைமையாக வைத்தார். அதன் பயன் சாலோகம், அஃதாவது சிவனுலகம். அப்பணிக்கு அன்பு ஒன்றே தகுதி. மெழுகிய தரையில் இட்ட அரிசிமாவை எறும்பும் குருவியும் உண்கின்றன. இந்நாளில் பலர் கல்மாவு வாங்கி இடுகின்றனர். அது கண்ணுக்கு வெண்மை, எறும்புக்கு ஏமாற்றம். அரிசிமாவே இடுங்கள்.

அன்று மாலை, உருப்போட்ட சொற்பொழிவை நான் ஆற்றவில்லை. இப்போது உங்களிடம் சொல்வதையே அங்கும் சொன்னேன். அதற்குள் தேர் வீதி வலம் வந்துவிட்டிருந்தது. காலையில் கோலமிருந்த இடத்தில் சக்கரத் தடம் மட்டும் வெள்ளையாய்த் தெரிந்தது.

உங்கள் இல்லத்திலும் அத்தகைய தமக்கை, அத்தை, மாமியார் இருக்கலாம். மார்கழி முதல் நாள் வைகறையில் மாவுக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்து, "நீங்கள் போடுங்கள்" என்று சொல்லுங்கள். நான் சொல்லத் தவறிய சொல் அது.

திருச்சிற்றம்பலம்.