உள்ளங்கையில் ஒரு கணினி

2016-ஆம் ஆண்டு பிரிட்டனில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கைக்கு ஒரு குட்டிக் கணினி வந்து சேர்ந்தது. பெயர் மைக்ரோபிட். 4 செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளம், அவ்வளவுதான். சுமார் 10 லட்சம் பேருக்கு இலவசமாகக் கொடுக்கும் இந்தத் திட்டத்தை பல நிறுவனங்களோடு சேர்ந்து முன்னெடுத்தது பி.பி.சி. 1981-லேயே 'பி.பி.சி. மைக்ரோ' என்ற கணினியைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோன அதே பி.பி.சி.தான்!

இதில் தட்டச்சுப் பலகை கிடையாது. 25 சிவப்பு எல்.இ.டி. விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவை உணரும் ஒரு சென்சார் உண்டு. காலுறையில் செருகிக்கொண்டு நடந்தால் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும். அந்தக் கணக்கை நிரலாக எழுதி அதற்குச் சொல்லிக்கொடுப்பது மாணவரேதான்.

பூந்தொட்டிச் சோதனை இன்னும் சுவையானது. மண்ணில் இரண்டு ஆணிகளைக் குத்தி, கம்பியால் மைக்ரோபிட்டோடு இணைக்கிறார்கள். ஈர மண்ணில் மின்சாரம் எளிதாகப் பாயும். காய்ந்த மண்ணில் தடைபடும். அந்த வேறுபாடு 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகக் கிடைக்கிறது. எண் குறைந்தால் 'தண்ணீர் ஊற்று' என்று விளக்குகள் மின்ன வேண்டும். எந்த எண்ணுக்குக் கீழே? அதை மாணவர்தான் ஊற்றிப் பார்த்து, காயவிட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 'இப்படியானால் இதைச் செய்' என்ற நிரலாக்க விதி மனத்தில் பதிய இதைவிட நல்ல பாடம் ஏது?

2020-இல் வந்த அடுத்த பதிப்பில் மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்தன. இப்போது கைதட்டினாலே விளக்கை எரியவைக்கலாம்.