வாசலுக்கு அடியில் புதைந்த அச்சம்

அசீரியப் பேரரசின் தலைநகரான நினிவே, இன்றைய ஈராக்கின் மோசுல் நகரை ஒட்டி இருந்தது. அங்கு மன்னர் அசுர்பனிபாலின் வடக்கு அரண்மனையை 1853இல் ஹோர்முஸ்த் ரஸ்ஸாம் கண்டறிந்தார். மன்னர் சிங்கங்களை வேட்டையாடும் புடைப்புச் சிற்பங்கள் அதன் சுவர்களை அலங்கரித்தன. காண்போரை மலைக்க வைப்பதே அவற்றின் நோக்கம்.

அதே அரண்மனையின் வாயில் ஒன்றில், எவர் கண்ணிலும் படாதவாறு புதைக்கப்பட்டிருந்த ஐந்து சிறிய களிமண் நாய்களும் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஒன்றின் பெயர் ‘யோசிக்காதே, கடி’. மற்றொன்று ‘தீமையை விரட்டுபவன்’. நோயும் தீய ஆவிகளும் உள்ளே நுழையாதிருக்கச் சடங்குடன் வைக்கப்பட்ட காவலர்கள் இவை. இத்தகைய உருவங்களைச் செய்து புதைக்கும் முறையை விளக்கும் அசீரியக் களிமண் பலகைகளும் கிடைத்திருப்பதால், இதை வெறும் ஊகம் என்று ஒதுக்க முடியாது.

கி.மு. 612இல் பாபிலோனியரும் மீடியரும் நினிவேயை வீழ்த்தினர். காவல் நாய்களால் அதைத் தடுக்க இயலவில்லை. இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

உலகம் தம்மை எப்படிக் காண வேண்டும் என்று மன்னர் விரும்பினார் என்பதைச் சிற்பங்கள் சொல்கின்றன. அவர் எதற்கு அஞ்சினார் என்பதைப் புதைபொருள்கள் சொல்கின்றன. ஆகவேதான் அகழாய்வில் பொருளுக்கு நிகராக, அது கிடந்த இடமும் முக்கியமாகிறது. திருட்டுத்தனமாகத் தோண்டி விற்கப்பட்டிருந்தால், இந்த நாய்கள் வெறும் பொம்மைகளாகவே எஞ்சியிருக்கும்.