உங்களுக்குத் தெரியுமா? ஒரே யூஎஸ்பி போர்ட்டில் ஒரு மேடைக்கான கருவிகள்!

ஹட்டன் தோட்டத் திருவிழாவில் வாசிக்கப் போகிறீர்கள், மடிக்கணினியில் ஒரு யூஎஸ்பி போர்ட்தான் மிச்சம் என்றால் கவலை வேண்டாம். மிடி கீபோர்டு, டிரம் பேட், ஃபேடர் பெட்டி மூன்றையும் ஒரு ஹப் வழியாக அதிலேயே இணைக்கலாம். யூஎஸ்பி விதிப்படி 127 சாதனங்கள் வரை இடமுண்டு. ஹப்பும் அந்தக் கணக்கில் சேரும்.

வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. 1983இல் வந்த மிடி, நொடிக்கு 31,250 பிட் வேகத்திலேயே ஒரு சுரத்தின் செய்தியை ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டில் அனுப்பிவிடும். யூஎஸ்பி 1996இல் வந்தபோதே அதன் வேகம் நொடிக்கு 1.2 கோடி பிட். அதை உருவாக்கிய இன்டெல் பொறியாளர்களில் முதன்மையானவர், வடோதராவில் படித்த அஜய் பட் என்பது நமக்குப் பெருமை.

சிக்கல் மின்சாரத்தில்தான். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லியாம்பியர். விளக்கு மின்னும் பேட்கள் இரண்டு சேர்ந்தாலே அது பற்றாமல் போகலாம். பாட்டின் நடுவே பேட் அணைந்து அணைந்து எரியும். அதனால் தனி அடாப்டர் உள்ள ஹப்பையே வாங்குங்கள். கரண்ட் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், ஹப்பின் அடாப்டர் ஓடாது. அடாப்டரை யூபிஎஸ்ஸில் செருகிவிடுங்கள்.