கழுத்துக்கேற்ற நுகம், காலுக்கேற்ற சீற்

எமது கிராமத்து மக்களின் சுமைகளை அதிகம் சுமந்த வாகனம் எது என்று கேட்டால், லொறியும் அல்ல, உழவு இயந்திரமும் அல்ல, சைக்கிளே என்று தயங்காமல் கூறலாம். 1990ஆம் ஆண்டில் வடபகுதிக்கு எரிபொருள் தடை வந்தது முதல் விறகும் நெல்லும் மீனும், ஏன் நோயாளர்களும்கூட சைக்கிளிலேயே சென்றனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, எத்தனையோ குடும்பங்களின் முழு உடைமையும் ஒரு சைக்கிளின் கரியரிலும் காண்டிலிலும் தொங்கியது. 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது, மூலையில் சாத்திக் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றுட் பல இன்றும் மரக்கறியும் தேங்காயும் சுமந்து சந்தைக்குப் போகின்றன.

எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். அதை மிதிப்பவரின் முழங்காலைப் பற்றி எப்போதாவது பேசியதுண்டா? இந்தக் கேள்வியை எமக்குள் எழுப்பியவர் ஒரு மரக்கறி வியாபாரி.

வன்னிக் கிராமம் ஒன்றில் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது அவர் எம்மிடம் வந்தார். கணவரை நோய்க்குப் பறிகொடுத்தவர். கணவர் 2022இல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாங்கிய பெரிய சைக்கிளில், இப்போது இவரே கத்தரியும் வெண்டியும் பூசணியும் கட்டிச் சந்தைக்குப் போகிறார்.

“பாதர், முழங்காலுக்குப் பின்பக்கம் இழுத்துக் குத்துது. நாரியும் விட்டுப்போச்சு. யாவாரத்தை விடுவமோ எண்டு யோசிக்கிறன்” என்றார். பிள்ளைகள் இருவர் படிக்கிறார்கள். வியாபாரத்தை விட்டால் அவர்களின் படிப்பும் நிற்கும்.

அவர் சைக்கிளில் ஏறிப் போவதைப் பார்த்தோம். பெடல் கீழே போகும்போதெல்லாம் இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. கால் எட்டவில்லை. கணவர் நெடிய மனிதர். சீற் அவரது உயரத்திலேயே இருந்தது. “ஏனம்மா இதை இறக்கவில்லை?” என்று கேட்டோம். “அவர் வைச்சபடியே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன் பாதர்” என்றார். எமக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

அன்று மாலை சைக்கிள் கடைத் தம்பி ஒருவரை அழைத்துச் சென்றோம். விடயத்தை அறிந்த அவர், ஸ்பனரை எடுக்கும் முன் பெயின்ற் எடுத்தார். சீற் பைப் பிறேமுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு கோடு கீறினார். “அக்கா, அண்ணை வைச்ச அளவு இதுதான். எப்ப வேணுமெண்டாலும் திரும்ப உயர்த்தலாம்” என்றார். பின்னர் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேலாக இறக்கினார். கோடு பிறேமுக்குள் மறைந்தது. அது அங்கே இருக்கிறது என்பது அந்தத் தாய்க்குப் போதுமானதாயிருந்தது. சில வாரங்களில் முழங்கால் வலி நின்றுவிட்டது. நாரி நோ முற்றாக விடவில்லை, மூட்டையின் பாரம் குறையவில்லையே. ஆனால் வியாபாரத்தை அவர் விடவில்லை.

எமது தவறு

இதன்பின் எமது மனச்சாட்சி எம்மை உறுத்தியது. பெண்களைத் தலைவர்களாகக் கொண்ட குடும்பங்களுக்கு நாமும் சுயதொழில் உதவியாகச் சைக்கிள்கள் வழங்கியிருந்தோம். அவற்றுட் சில பாவனையின்றி வீட்டுக் கோடியில் நிற்பதைக் கண்டு, ‘கொடுத்தாலும் உழைக்கிறார்கள் இல்லை’ என்று கூறியும் இருக்கிறோம். போய்ப் பார்த்தபோது, சில கடையில் பூட்டித் தந்த உயரத்திலேயே நின்றன. வேறு சிலவற்றில் பிறேமே பெரிது, சீற்றை முழுவதும் இறக்கினாலும் கால் எட்டாது. வழங்கிய எண்ணிக்கையை எழுதிக்கொண்ட நாம், ஏறுபவரின் காலைப் பார்க்கவில்லை.

உயரம்

சீற்றைச் சரிசெய்யப் பெரிய அறிவு தேவையில்லை. ஸ்பனரும் சிறிது கிறீஸும் பத்து நிமிடமும் போதும். ஒருவர் சைக்கிளைப் பிடிக்க, மற்றவர் வழமையான செருப்புடன் ஏறி அமரட்டும். பெடலைக் கீழே முழுவதும் இறக்கிக் குதிக்காலை அதில் வைக்க வேண்டும். அப்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சரியக் கூடாது. மிதிக்கும்போது குதிக்காலுக்குப் பதிலாக முன்பாதத்தை வைத்தால் முழங்கால் சிறிது மடிந்திருக்கும். அதுவே சரியான உயரம்.

அளந்து பார்க்க விரும்புவோர், வெறுங்காலுடன் நின்று கவட்டிலிருந்து நிலம் வரை அளந்து, அதை 0.883ஆல் பெருக்கலாம். பிரான்ஸ் நாட்டின் பெரும் சைக்கிளோட்டப் போட்டியில் 1986இல் வென்ற கிரெக் லெமண்டின் பெயரோடு வழங்கும் கணக்கு இது. உள்கால் 74 சென்ரிமீற்றர் என்றால், பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சிலிருந்து சீற்றின் மேற்பக்கம் வரை ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் வரும். ஆனால் இது ஓட்டவீரருக்கான கணக்கு. சுமை ஏற்றுபவர் சந்தியில் நிற்கும்போது கால் ஊன்றாவிட்டால் மூட்டையோடு சரிந்துவிடுவார். ஆகவே ஒன்று அல்லது இரண்டு சென்ரிமீற்றர் குறைத்து வைப்பது நல்லது.

அதற்காக அளவுக்கு மீறி இறக்கவும் கூடாது. முழங்காலின் முன்பக்கம் நொந்தால் சீற் பதிவாக இருக்கலாம். பின்பக்கம் நொந்தால், அல்லது இடுப்பு ஆடினால், உயரமாக இருக்கலாம். ஒரே நாளில் அதிகம் மாற்றாமல், சிறிது சிறிதாக மாற்றி ஓடிப் பார்க்க வேண்டும். அதன்பின்னும் வலி நீடித்தால் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

உயர்த்துவோர் ஒன்றை மறக்கக் கூடாது. சீற் பைப் குறைந்தது இரண்டரை அங்குலமாவது பிறேமுக்குள் இருக்க வேண்டும். புதிய பைப்புகளில் இதற்கென அடையாளக் கோடு உண்டு. அதற்கு மேல் இழுத்தால் பைப் முறியலாம், பிறேமும் வெடிக்கலாம். எட்டாவிட்டால் நீளமான பைப் ஒன்றை வாங்குவதே சிக்கனம்.

முன்னும் பின்னும், சாய்வும்

பெடல் தண்டு நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்கும்போது, முன்காலின் முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டால், அது பெடலின் அச்சுக்கு நேரே வர வேண்டும். வராவிட்டால் சீற்றைச் சிறிது முன்னே அல்லது பின்னே நகர்த்தலாம்.

சீற்றின் மேற்பக்கம் மட்டமாக இருக்கட்டும். மூக்குப் பக்கம் மேலே நிமிர்ந்தால் மென்மையான இடங்கள் நெரிந்து விறைக்கும். கீழே குனிந்தால் உடல் முன்னே வழுக்கி, பாரம் முழுவதும் மணிக்கட்டில் விழும். பழைய சைக்கிள்களில் சீற்றைப் பிடிக்கும் இறுக்கியின் பற்கள் தேய்ந்திருந்தால், எவ்வளவு முறுக்கினாலும் பள்ளம் திட்டியில் அது தளர்ந்துவிடும். அந்தச் சிறு பாகத்தை மாற்றிவிடுவது நல்லது.

இவையெல்லாம் சரியாக இருந்தும், பின் கரியரில் கட்டிய மூட்டை முதுகில் முட்டினால் பயனில்லை. ஓடுபவர் சீற்றின் மூக்கில் தொங்கிக்கொண்டே போக நேரும். ஆகவே மூட்டைக்கும் முதுகுக்கும் இடையே ஒரு கையளவு இடம் விட வேண்டும். அதேவேளை பாரம் மிகவும் பின்னே போனால் முன்சில்லு எழும்பிக் காண்டில் ஆடும். பாரத்தை இரண்டாகப் பிரித்து, கரியரின் இரு பக்கமும் பதிவாகத் தொங்கவிடுவதே சிறந்தது.

நுகம்

பாரம் சுமந்து களைத்தோரைத் தம்மிடம் அழைத்த ஆண்டவர், தமது நுகம் இனியது என்றார். நுகமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. இயேசு தச்சராகக் கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைசாட்சியான புனித ஜஸ்டின் எழுதி வைத்திருக்கிறார். கழுத்துக்குப் பொருந்தாத நுகம் மாட்டைப் புண்ணாக்கும் என்பதை எமது கமக்காரர் நன்கு அறிவார்கள். நாசரேத்துத் தச்சரும் அதை அறிந்திருப்பார்.

ஏழையின் சுமையை இறக்கி வைக்க எம்மால் எப்போதும் முடிவதில்லை. விலைவாசியும் கடனும் எமது கையில் இல்லை. ஆனால் நுகத்தை அவரது கழுத்துக்குப் பொருத்திக் கொடுக்க முடியும். ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, திருப்பலியின் பின் ஊர்ச் சைக்கிள் திருத்துபவரை உரிய கூலி கொடுத்து அமர்த்தி, சுமை ஏற்றும் சைக்கிள்களின் சீற்றுகளைச் சரிபார்த்தால் என்ன? உதவித் திட்டத்தில் சைக்கிள் கொடுப்போர், கொடுக்கும் அன்றே பயனாளியை ஏற்றிப் பார்த்தால் என்ன?

படம் எடுப்பது அதற்குப் பின்னர் இருக்கட்டும். முதலில் கால் எட்டுகிறதா என்று பார்ப்போம்.